ஒரு மீட்டருக்குப் பதின்மூன்றரை விநாடி: ஜப்பானிய டிராம் மாடல்களைச் சேர்ப்பதும் ஓட்டுவதும்

ஜப்பானிய டிராம் மாடல் ஒன்று கைக்கு வந்ததும் பெயின்ட்டையும் ஜன்னல் கோடுகளையும் ரசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு மீட்டர் நேர்த் தண்டவாளம் போட்டு, கையில் கடிகாரத்தோடு அதை ஓட்டிப் பாருங்கள். ஜப்பானில் சாலையில் ஓடும் டிராமுக்கு விதிப்படி உச்ச வேகம் மணிக்கு 40 கி.மீ. 1:150 அளவில் அது விநாடிக்கு 74 மி.மீ. ஆகிறது, அதாவது ஒரு மீட்டரைக் கடக்கப் பதின்மூன்றரை விநாடி. அதுவும் உச்ச வேகம்தான். நிறுத்தத்தை நெருங்கும்போது இதில் பாதிகூட இருக்காது.

புதிதாக வாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்த வேகத்தைப் போல மூன்று நான்கு மடங்கில் ஓட்டுகிறார்கள். காரணம் ஆசை மட்டும் இல்லை. மெதுவாக விட்டால் வண்டி நின்றுவிடுகிறது. நீண்ட ரயிலில் எட்டுப் பெட்டி இருந்தால், எங்கோ ஒரு சக்கரம் அழுக்கில் மிதித்தாலும் ஓட்டத்தின் வேகம் அதைத் தாண்டச் செய்துவிடும். டிராமுக்கு அந்த வசதி கிடையாது. 80 சொச்சம் மி.மீ. நீளத்தில் மோட்டார், பல்சக்கரம், எடை எல்லாம் அடங்க வேண்டும். மின்சாரம் எடுக்கும் சக்கரங்கள் எட்டுதான், சிறிய நான்கு சக்கர வண்டியில் வெறும் நாலு. அதனால் கீழே வரும் எல்லா விஷயமும், எதை வாங்குவது என்பதுகூட, கடைசியில் மெதுவாக ஓடுமா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும்.

அளவும் அகலமும்

ஜப்பானில் என் கேஜ் என்றால் தண்டவாள அகலம் 9 மி.மீ., வண்டியின் அளவு பொதுவாக 1:150. அதிவேக ரயிலான ஷின்கான்சென் மட்டும் 1:160. ஒன்பதை 150-ஆல் பெருக்கினால் 1350 மி.மீ. டோக்கியோ மாநகர டிராமான டோதெனின் அரகாவா பாதையின் உண்மையான அகலம் 1372 மி.மீ., ஹகோதாதே டிராமுக்கும் அதே அகலம்தான். ஆக, என் கேஜில் ஏறக்குறைய அச்சு அசலாகப் பொருந்தும் வண்டிகள் இவை. ஹிரோஷிமா, நாகசாகி, குமமோட்டோ, ககோஷிமா ஆகிய ஊர்களில் 1435 மி.மீ.; வித்தியாசம் மாடலில் அரை மில்லிமீட்டர் சொச்சம், கண்ணில் படாது. ஒகயாமா, தொயாமா, தொயோஹாஷி, மட்சுயாமா, கோச்சி, சப்போரோ, உட்சுனோமியா எல்லாம் 1067 மி.மீ. சரியான அளவில் 7.1 மி.மீ. வர வேண்டியது 9-இல் ஓடுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் கொஞ்சம் அகன்று நிற்பது தெரியும். ஆனால் தரை தாழ்ந்த புதிய வண்டிகளில் பக்கத் தகடு சக்கரத்தை மறைத்துவிடுவதால் இது பெரிய குறையே இல்லை. பழைய, போகி (வண்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்) வெளியே தெரியும் வண்டி வாங்கும்போதுதான் இதை யோசிக்க வேண்டும்.

நீளத்திலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சாலையில் ஓடும் டிராமின் மொத்த நீளம் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதனால்தான் ஹிரோஷிமாவின் ஐந்து பகுதி கிரீன் மூவர் மேக்ஸும், 2023 ஆகஸ்டில் தொடங்கிய உட்சுனோமியா லைட்லைனின் மஞ்சள் எச்.யு.300-உம் மாடலில் 200 மி.மீ.யை ஒட்டியே நிற்கின்றன. நிறுத்த மேடையைக் கட்டும்போது அதன் நீளம் 210 மி.மீ. வைத்தால் எந்த ஊர் டிராமும் நிற்கும்.

எதைச் சேர்ப்பது

அழகாக இருப்பதையெல்லாம் வாங்கினால் அலமாரி நிறையும், ஊர் உருவாகாது. ஒரு ஊர், ஒரு காலம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. இதற்கு விதிவிலக்கு ஹிரோஷிமா. 1912-இல் தொடங்கிய ஹிரோஷிமா மின்சார ரயில்வே, மற்ற ஊர்கள் டிராமை மூடியபோது அந்த வண்டிகளை வாங்கி, பலவற்றை அந்தந்த ஊரின் பழைய நிறத்திலேயே ஓட விட்டது. கியோட்டோவின் 1900 வகை, ஒசாகாவின் 750 வகை, கோபேயின் 570 வகை எல்லாம் ஒரே தெருவில் ஓடிய ஊர் அது. 1945 ஆகஸ்ட் 6 குண்டுவீச்சில் தப்பிய 650 வகை வண்டிகளும் அங்கே உண்டு. குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓடத் தொடங்கியது. இதே பாதையில் 1999-இல் ஜெர்மனியிலிருந்து வந்த சீமென்ஸ் கொம்பினோவும், 2013-இன் கிரீன் மூவர் லெக்ஸும் சேர்ந்துகொண்டன. ஆகவே கலவையாகச் சேர்க்க ஆசைப்படுபவர் ஹிரோஷிமா என்று பலகை வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

டோக்கியோ வேண்டுமென்றால் காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 6000 வகை 1947-இலிருந்து 290 வண்டிகள் கட்டப்பட்டன, போருக்குப் பிந்தைய டோக்கியோ தெரு என்றால் அதுதான். 7000 வகை 1954-இல் வந்தது, ஆனால் 1970களின் கடைசியில் உடல் முழுவதும் மாற்றப்பட்டது. பழைய உடலையும் புதிய உடலையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே வகை என்று சொல்லவே முடியாது. 1990-இன் 8500, பழைய தோற்றத்தில் செய்த 2007-இன் 9000, அதன் பின் 8800, 8900 என்று வருபவை இன்றைய மினொவபாஷி – வசேதா பாதைக்கு உரியவை. 6000 வகையோடு 8900 நின்றால் அது அருங்காட்சியகம் ஆகலாம், தெரு ஆகாது.

தயாரிப்பாளர்களில் மூன்று பெயர் அடிக்கடி வரும். காட்டோ செய்பவை ஓடும் நிலையிலேயே வரும்: தொயாமாவின் போர்ட்ராம், சென்ட்ராம், ஹிரோஷிமாவின் லெக்ஸ், உட்சுனோமியாவின் லைட்லைன். ஹசெகாவா நிறுவனத்தின் மோதெமோ பழைய டோதென் வண்டிகளுக்கும், டோக்கியோ வட்டாரத்து எனோதென், தொக்யூ ரயில் நிறுவனங்களின் வண்டிகளுக்கும் பெயர் பெற்றது. டொமிடெக்கின் தெட்சுதோ கலெக்‌ஷன் 2005-இல் தொடங்கியது. அதில் வருவது காட்சிக்கான வண்டி மட்டும். ஓட வேண்டுமானால் மோட்டார் அடித்தளத்தைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். தொடக்கத் தொகுதிகள் உள்ளே எது இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டியில் விற்றன. அதனால்தான் பழைய சந்தையில் ஒரே வண்டி ஏழெட்டு மலிவாகவும், அதன் தோழன் ஒன்று யானை விலையிலும் கிடைக்கும்.

இந்தத் தயாரிப்பாளர்கள் எதையும் ஆண்டு முழுவதும் செய்வதில்லை. சில மாதம் முன்னால் அறிவிப்பு, முன்பதிவு, ஒரு தடவை உற்பத்தி, அத்தோடு முடிந்தது. மறு உற்பத்தி வரும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது. எனவே மோட்டார் அடித்தளத்தை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். வண்டி கிடைத்து அடித்தளம் கிடைக்காமல் காத்திருப்பது இந்தப் பொழுதுபோக்கின் நிரந்தர நோய். டொமிடெக் அடித்தளங்களில் டிராமுக்கானவை டி.எம்.-டி.ஆர்., டி.எம்.-எல்.ஆர்.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும். எந்த எண் பொருந்தும் என்பது வண்டியின் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். நீளம் ஒன்றுதானே என்று பக்கத்து எண்ணை வாங்காதீர்கள். போகிகளுக்கு இடையிலான தூரம் மாறும்.

பழைய பொருள் வாங்கினால், ஜப்பானியக் கடைகளும் ஏலங்களும் ‘ஜங்க்’ என்று குறித்ததற்கு ஓட்ட உத்தரவாதம் கிடையாது, திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். படத்தில் மூன்றைத் தேடுங்கள்: கூரையில் பான்டோகிராஃப் (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சட்டம்) இருக்கிறதா, முகப்பில் இணைப்பு மறைக்கும் தகடு இருக்கிறதா, எண், ஊர் முத்திரை ஒட்டும் தாள் வெட்டப்படாமல் இருக்கிறதா. மோட்டாரை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம். இந்தச் சின்னச் சாமான்களைத் தனியாகத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

காட்சி வண்டியை ஓட்ட வைப்பது

வேலை அரை மணி நேரத்தில் முடியும், அவசரப்படாவிட்டால். வண்டியின் உடல் அடித்தளத்தோடு உள்பக்கக் கொக்கிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். கத்தியையோ ஸ்க்ரூ டிரைவரையோ நுழைத்தால் உடலின் கீழ் விளிம்பில் வெள்ளைக் கீறல் விழும், அதை மறைக்க முடியாது. விசிட்டிங் கார்டு அளவிலான தடித்த தாளை நான்கு துண்டாக வெட்டி, இரு பக்கமும் கதவை ஒட்டி இரண்டிரண்டாகச் செருகுங்கள். கொக்கிகள் விலகியதும் அடித்தளம் தானாக இறங்கும்.

இருக்கையும் பழைய அடித்தளமும் வெளியே வந்துவிடும். அவற்றை எறிய வேண்டாம். புதிய அடித்தளத்தில் போகியின் பக்கச் சட்டங்களை ஒட்ட வேண்டும். சில வண்டிகளுக்கு அவை தனி பிளாஸ்டிக் சட்டத்தில் வரும், சிலவற்றில் பழைய போகியிலிருந்தே வெட்டி எடுக்க வேண்டும். வெட்டும்போது இரண்டு தடவையாக வெட்டுங்கள்: முதலில் சட்டத்திலிருந்து தள்ளி, பிறகு மிச்சத்தை விளிம்போடு. நிப்பரை (பிளாஸ்டிக் வெட்டும் சிறு குறடு) ஒரே கடியில் விளிம்பில் வைத்தால் பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கும்.

உயரம் சரிசெய்ய அடித்தளத்தோடு வரும் சிறு துண்டுகளைக் கையேட்டில் காட்டியபடி வைத்த பிறகு, உடலை மாட்டாமல் முதலில் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் ஒரு திசை, பத்து நிமிடம் எதிர்த் திசை, நடு வேகத்தில். பிறகு உடலை மாட்டி அதே ஒரு மீட்டர் சோதனை.

உடல் இல்லாமல் நன்றாக ஓடிய வண்டி, உடல் மாட்டியதும் தயங்கினால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. பக்கச் சட்டம் சக்கரத்தை உரசுகிறது: ஒட்டிய பசை உள்பக்கம் வழிந்திருக்கும், அல்லது சட்டம் உள்ளே சாய்ந்திருக்கும். இல்லாவிட்டால் உடலின் கொக்கிகள் அடித்தளத்தை நடுவில் மேலே வளைக்கின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தால், ஒரு முனையின் சக்கரம் தாளின் தடிமன் அளவுக்குத் தூக்கி நிற்பது தெரியும். உடலின் உள் விளிம்பை மெல்லிய மணல்தாளால் ஓரிரு தடவை தேய்த்தால் போதும். மூன்றாவது, போகி திரும்ப இடமில்லை. வளைவில் மட்டும் நிற்கிறது என்றால் இதுதான். போகியை விரலால் இரு பக்கமும் திருப்பி, எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். அநேகமாக முகப்பின் கீழே இருக்கும் தடைத் தகட்டின் உள் முனையாக இருக்கும்.

எடையும் முக்கியம். பிளாஸ்டிக் உடல் லேசானது, எடை குறைந்தால் சக்கரம் தண்டவாளத்தை அழுத்தாது, அழுத்தாவிட்டால் மின்சாரம் எடுக்காது. ஜன்னலுக்குக் கீழே மறைவான இடங்களில் மெல்லிய ஈயத் தகட்டை இரண்டு மூன்று கிராமாகச் சேர்த்துப் பாருங்கள். கூரையின் உட்புறம் வைத்தால் வளைவில் வண்டி சாயும். தரையோடு வைக்க வேண்டும். முன்பின் சமமாகப் பிரியாவிட்டால் லேசான பக்கத்துப் போகி எடுப்பதை நிறுத்திவிடும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் டீ கிளாஸைத் தூக்காதீர்கள்.

சில மோட்டார் வண்டிகளில் ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள், பிடிமானத்துக்காக. அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது. மேடு பள்ளம் இல்லாத பலகையில், தனி வண்டியாக ஓடும் டிராமுக்கு அந்தப் பிடிமானம் தேவையே இல்லை. ரப்பர் இல்லாத சக்கர ஜோடி கிடைத்தால் மாற்றிவிடுங்கள். எட்டில் ஆறு சக்கரம் எடுத்ததற்கும் எட்டும் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பாதை பிரியும் பாயின்ட்டைக் கடக்கும்போது தெரியும்.

வளைவு

இறுக்கமான வளைவில் ஓடும் மாடலைப் பார்த்து “இதெல்லாம் பொம்மை வளைவு” என்று சொல்பவர்கள் உண்டு. தொயோஹாஷியில் இஹாரா நிறுத்தத்தை ஒட்டி, 1982-இல் போட்ட கிளைப் பாதையின் வளைவு ஆரம் 11 மீட்டர். 1:150-இல் அது 73 மி.மீ. டொமிக்ஸ் என்ற தண்டவாளத் தயாரிப்பாளர் விற்கும் மிகச் சிறிய வளைவுகளில் ஒன்றான சி103, அதாவது 103 மி.மீ. ஆரம், உண்மையில் பதினைந்தரை மீட்டர். டிராம் மாடலில் நாம் உண்மையைவிடத் தாராளமாகவே இருக்கிறோம். இன்னொன்று: தொயோஹாஷியின் தரை தாழ்ந்த டி1000 வண்டி அந்த இஹாரா வளைவைக் கடக்க முடியாததால் அந்தக் கிளையில் ஓடுவதில்லை. உங்கள் பலகையிலும் நீண்ட வண்டி திரும்பாத மூலை ஒன்று இருந்தால் அதை உடைத்துப் போட வேண்டியதில்லை, பழைய வண்டிக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.

காட்டோவின் டிராம் தண்டவாளத் தொகுதியான யூனிட்ராம் இரட்டைப் பாதை. இரு பாதைக்கும் நடுவே 25 மி.மீ., வளைவு ஆரம் 155, 180. டொமிக்ஸின் இடைவெளி 37 மி.மீ., சிறு வளைவுகள் 103, 140, 177. இரண்டில் எது என்று முடிவு செய்வதற்கு முன் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். வளைவில் வண்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் தள்ளும். நடுத் தள்ளல் = போகி இடைவெளியின் வர்க்கம் ÷ (8 × ஆரம்). முனைத் தள்ளல் = (நீளத்தின் வர்க்கம் − போகி இடைவெளியின் வர்க்கம்) ÷ (8 × ஆரம்).

நீளம் 83, போகி இடைவெளி 40, அகலம் 17 மி.மீ. கொண்ட ஒரு டிராமை எடுத்துக்கொள்வோம். யூனிட்ராமில் உள் பாதையில் முனைத் தள்ளல் 4.3, வெளிப் பாதையில் நடுத் தள்ளல் 1.1, இரண்டும் சேர்ந்து 5.4 மி.மீ. நேர்ப் பாதையில் இரு வண்டிக்கும் நடுவே இருக்கும் இடம் 25 − 17 = 8. ஆக இரண்டரை மி.மீ. மிச்சம், உரசாது. இதே பாதையில் 20 மீட்டர் சாதாரண ரயில் பெட்டியை விட்டால், நீளம் 133, போகி இடைவெளி 92 என்று வைத்தால், தள்ளல் 7.4-உம் 5.9-உம் சேர்ந்து 13-ஐத் தாண்டும். எதிரெதிரே வந்தால் மோதல் நிச்சயம். யூனிட்ராமில் பெரிய ரயில் ஓட்ட ஆசைப்படுபவர்கள் பெட்டியின் முனை பெயின்ட்டைத் தியாகம் செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் கணிப்பில், தொடங்குபவருக்கு யூனிட்ராம்தான் வசதி. சாலை, நடைபாதை, தண்டவாளம் ஒரே பலகையாக வருவதால் மாலையே ஊர் தயாராகிவிடும். இடம் இல்லாதவருக்கு டொமிக்ஸ். சி103 வளைவில் 60 பாகை கொண்ட துண்டு ஆறு, 140 மி.மீ. நேர்த்துண்டு இரண்டு சேர்த்தால் 365 × 225 மி.மீ. வட்டப் பாதை, ஏ3 தாள் அளவுப் பலகையில் சுற்றிலும் கடை வரிசை வைக்க இடத்தோடு அமரும். ஆனால் எல்லா டிராமும் 103-இல் திரும்பாது, குறிப்பாகப் பல பகுதிகள் சேர்ந்த இணைப்பு வண்டிகள். பெட்டியில் அச்சிட்ட குறைந்தபட்ச ஆரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் வண்டிகள் இடப்பக்கமாகப் போகும், நம் ஊரைப் போலவே. நிறுத்த மேடையைப் பாதையின் இடப்பக்கம் வையுங்கள். ஐரோப்பிய மாடல் படங்களைப் பார்த்து ஊர் கட்டினால் இது தலைகீழாகிவிடும். மேடை ஒரு மீட்டர் சொச்சம் அகலமே இருக்கும், மாடலில் 7 முதல் 10 மி.மீ.

சாலைக்குள் புதைந்த தண்டவாளம்

சாதாரண தண்டவாளத்தைச் சுற்றித் தாமே சாலை போடுபவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சக்கரத்தின் விளிம்பு ஓடும் பள்ளம். தண்டவாளங்களுக்கு நடுவே 9 மி.மீ. இருப்பதில் இரு பக்கமும் ஒவ்வொரு மி.மீ. விட்டு, நடுப்பட்டையை 7 மி.மீ. அகலத்தில் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டுங்கள். பட்டையின் மேற்பரப்பு தண்டவாளத்தின் தலையைவிடக் கால் மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக இருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் பெயின்ட் ஏறியதும் உயர்ந்துவிடும். அதன்பின் சக்கரம் பட்டையின் மேல் ஏறி மின்சாரம் அறுந்துபோகும், துடைக்கும்போது பெயின்ட்டும் உரியும். நேர்ப் பாதைக்கு வெட்டிய பட்டையை வளைவில் அப்படியே ஒட்டாதீர்கள். வளைவில் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக விட வேண்டும். ஒட்டும் முன் தனிச் சக்கர ஜோடி ஒன்றைக் கையால் உருட்டிப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கே வண்டி நிற்கும்.

புதைந்த பாதையின் எதிரி தூசி. திறந்த தண்டவாளத்தில் தூசி பக்கத்தில் விழுந்துவிடும். இங்கே பள்ளத்திலேயே தங்கி, சக்கர விளிம்பால் அழுந்தி, தார் போல ஆகிவிடும். மரப் பல்குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி பள்ளத்தின் வழியே ஒரு முறை இழுத்தால் கறுப்புத் திரியாக வெளியே வரும். முதலில் இதைச் செய்து, பிறகு தூரிகையால் கூட்டி, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் தண்டவாளத் தலையை மட்டும் துடைக்க வேண்டும். வரிசை மாறினால் ஈர அழுக்கு பள்ளத்தில் இறங்கி இறுகிவிடும். ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றினால் சாலையின் அக்ரிலிக் பெயின்ட் கரையும். உப்புத்தாள் கூடவே கூடாது. அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு பிடிக்கும்.

சக்கரத்துக்கு எளிய வழி: ஆல்கஹாலில் லேசாக நனைத்த டிஷ்யூ தாளைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, ஒரு முனைப் போகி தாளிலும் மறுமுனைப் போகி வெறும் தண்டவாளத்திலும் நிற்குமாறு வண்டியைப் பிடித்து ஓட்டுங்கள். தாளில் கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழுவது நிற்கும்வரை இடம் மாற்றி மாற்றிச் செய்துவிட்டு, வண்டியைத் திருப்பி அடுத்த போகி. எண்ணெய் போடுவதாக இருந்தால் ஊசி முனையில் நிற்கும் அளவுதான். கொஞ்சம் கூடினால் அச்சு வழியே சக்கரத்துக்கும், மோட்டாரின் கம்யூட்டேட்டருக்கும் போய், தண்டவாளம் முழுக்கப் பரவும். பிளாஸ்டிக்கைத் தாக்காத மாடல் எண்ணெயாக இருக்க வேண்டும்.

மின்சாரம்

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரோடு வரும் அடாப்டரின் முதுகில் ஏசி 100 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை நேரடியாகச் செருகக் கூடாது, ஒரு நொடியில் போய்விடும். 100–240 என்று இருந்தால் பின் மாற்றி மட்டும் போதும். 100 மட்டும் உள்ளதற்கு இறக்கு மின்மாற்றி வேண்டும், அல்லது கன்ட்ரோலர் 12 வோல்ட் டிசி ஏற்பதாக இருந்தால், அதே வோல்ட், அதே முனைப் போக்கு (பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பது), போதுமான ஆம்பியர் உள்ள உள்ளூர் அடாப்டர்.

டிராம் பெரும்பாலும் மூன்று நான்கு வோல்ட்டில் ஓட வேண்டிய வண்டி. சாதாரணக் கன்ட்ரோலரில் அந்த வோல்ட்டுக்கு முகப்பு எல்இடி மங்கும், நின்றதும் அணையும். வேகத்தைத் துடிப்புகளாகக் கொடுக்கும் கன்ட்ரோலரில், ஒவ்வொரு துடிப்பும் முழு 12 வோல்ட் என்பதால், வண்டி நிற்கும்போதே விளக்கு எரியும். இருட்டில் ஓட்டும் ஆசை இருந்தால் பணத்தை இதில் போடுங்கள். உள் விளக்கைத் தாமே போடுபவர்கள் எல்இடி ஒன்றுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 12 வோல்ட்டில் சுமார் 9 மில்லியாம்பியர் ஓடும். டிராமுக்கு அது போதும், பழைய 6000 வகைக்கு அதுவே அதிகம்.

ஊரின் இரு முனைக்கும் போய் வரும் ஒற்றைப் பாதையில் செலவில்லாத தந்திரம் ஒன்று இருக்கிறது. முனையை நோக்கிப் பார்க்கும்போது வலப்பக்கம் வரும் தண்டவாளத்தில், முடிவுக்கு 150 முதல் 180 மி.மீ. முன்னால் உலோக இணைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் இணைப்பு போடுங்கள். அந்த இடைவெளியின் மேல், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4001 டையோடு ஒன்றைச் சால்டர் செய்யுங்கள், வெள்ளைக் கோடு உள்ள முனை நடுப் பாதையின் பக்கம் இருக்குமாறு. மறு முனையிலும் அந்த முனையைப் பார்த்து நின்று அதே விதி. வண்டி முழுவதும் இடைவெளியைத் தாண்டியதும் தானாக நிற்கும், கன்ட்ரோலரில் திசையை மாற்றினால் கிளம்பும். டையோடு 0.7 வோல்ட்டை விழுங்குவதால் முனையிலிருந்து மெல்லக் கிளம்பி, நடுப் பாதைக்கு வந்ததும் வேகம் பிடிக்கும். கேட்காமலே கிடைக்கும் நயம் அது. வண்டி நிற்கவே இல்லை என்றால் கோடு மறுபக்கம் இருக்கிறது. நின்ற வண்டி திரும்பக் கிளம்பாவிட்டால் முதலில் சால்டரைப் பாருங்கள். கடைசி மின்சக்கரம் இடைவெளியைக் கடந்த பிறகுதான் நிற்கும் என்பதால், 200 மி.மீ. இணைப்பு வண்டிக்கு 280 மி.மீ.யாவது விட வேண்டும்.

வில் போன்ற மின்கோல் வைத்த பழைய வண்டியாக இருந்தால், முனையில் நிற்கும்போது அதை விரலால் மறுபக்கம் சாய்த்துவிடுங்கள். அந்த வகைக் கோல் எப்போதும் பின்பக்கம் சாய்ந்து இழுபட்டுத்தான் போகும்.

வைப்பு

கடலோர ஊர்களின் ஈரத்தில் பெட்டிக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு சில ஆண்டுகளில் பிசுபிசுத்து வண்டியின் கூரையில் ஒட்டிக்கொள்ளும். பழைய வண்டி வாங்கியதும் நுரையை அழுத்திப் பாருங்கள். ஒட்டினால் அதை எடுத்துவிட்டு, மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றி வையுங்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் தொடங்கும் முன் மாற்ற வேண்டும். ரப்பர் வளையம் உள்ள சக்கரத்தில் அதை ஆண்டுக்கு ஒரு முறை நகத்தால் தொட்டுப் பார்த்து, இறுகிப் பளபளத்தால் மாற்றுங்கள். ஓட்டாமல் ஓர் ஆண்டுக்கு மேல் கிடந்த வண்டியை எடுத்ததும் நேரே முழு வேகத்துக்குத் தள்ளக் கூடாது. பல்சக்கரத்தில் இறுகிய பழைய கிரீஸ் இருக்கும். இரண்டு பேனா செல்லைத் தொடராக இணைத்த 3 வோல்ட்டில், வண்டியை மல்லாத்திப் பிடித்து ஒவ்வொரு திசைக்கும் ஓரிரு நிமிடம் சுழல விட்ட பிறகு, அதே ஒரு மீட்டர் தண்டவாளத்தில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.